முழங்காலுக்குக் கீழே வேர்வை

என் மகள் பதினோராம் வகுப்பில் சேர்ந்த வருடம் அவளுக்கு ஒரு வியாதி இருப்பதை நான் கண்டுபிடித்தேன். பள்ளியிலிருந்து திரும்பும்போது அவளுடைய சீருடை பேன்ட்டின் கீழ்ப்பகுதியில் வெள்ளைக் கோடுகள் இருந்தன. தொட்டால் நறநறவென்றது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருக்கிறது என்று முடிவு செய்தேன்.

வேர்வை ஏன் முழங்காலுக்குக் கீழே மட்டும் வருகிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் கால்நடை ஆய்வாளர். மரக்காணத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் மாடுகளுக்கு ஊசி போடுகிறவன். மாட்டுக்கு மூக்கில் வேர்க்கிறது, மகளுக்கு முழங்காலில் வேர்க்கக் கூடாதா என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே இருப்பது முழுக்க உப்பளம். இந்த ஊரில் வெள்ளையாக எதைக் காட்டினாலும் கைக்குழந்தைகூட உப்பு என்று சொல்லும். நான் புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன்.

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கையில்தான் பட்டையைச் சுற்றினார்.

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல சார். உங்களுக்குத்தான் பிரஷர் ஏறியிருக்குது. உப்பைக் குறைங்க."

இதில் கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து இரண்டு வருடம் எங்கள் வீட்டு சாம்பாரில் உப்பு இல்லை. சோறு வடிக்கும்போதும் இல்லை. மகள் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் சாப்பிட்டாள். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று மாட்டுக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் பள்ளிக்குப் பேருந்தில்தான் போக வேண்டும், ஈ.சி.ஆர் நெடுஞ்சாலையைத் தனியாகக் கடக்கக் கூடாது, டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில் உட்கார வேண்டும் என்பவை என் விதிகள். முதல் வாரம் அந்தப் பேருந்துக்குப் பின்னாலேயே பைக்கில் போய்ச் சரிபார்த்தேன். கண்டக்டர் ஒருநாள் படியில் நின்று, "ஏன் சார், உள்ள ஏறிக்க வேண்டியதுதானே?" என்று கேட்டதும் நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பதிலாகப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் சேர்ந்தேன். பள்ளிக்குள் நுழைய ஒரு காரணம் கிடைத்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது பெரிய பிரச்சினை வந்தது. சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறேன் என்றாள். புதுச்சேரியில் இல்லாத படிப்பா, தினமும் பஸ்ஸில் போய் வா என்றேன். ஒரு மாதம் இதே பேச்சு. கடைசியில் வகுப்பு ஆசிரியையிடம் போய், நீங்கள் சொன்னால் கேட்பாள் என்றேன். "ஃபேர்வெல்லுக்கு வாங்க சார், அன்னைக்குப் பேசலாம்" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பிரிவு உபசார விழாவில் முன்வரிசை நாற்காலி எனக்கு. அந்த வகுப்புப் பிள்ளைகள் தங்கள் பள்ளி வருடங்களை ஒரு நாடகமாகப் போட்டார்கள். கணக்கு வாத்தியார் தூங்குவது, சத்துணவு முட்டை உருண்டு ஓடுவது, சோதனைக் குழாய் வெடிப்பது என்று வரிசையாக வந்தது. நானும் தொடையில் தட்டிச் சிரித்தேன். அப்போது ஒரு பையன் மேடையில் நுழைந்தான். தலையில் ஹெல்மெட், கக்கத்தில் குடை, கையில் மாட்டு ஊசி.

"டீச்சர், எம் பொண்ணு வந்துட்டாளா? வந்துட்டாளா? வந்துட்டான்னா ஏன் வந்தா? மழ வர்ற மாதிரி இருக்குதே!"

கூடம் அதிர்ந்தது. என் ஹெல்மெட் அப்போது என் மடியில் இருந்தது. மெதுவாக நாற்காலிக்கு அடியில் தள்ளினேன்.

அடுத்த காட்சியில் இரண்டு பேர் ஒரு நீலப் புடவையைப் பிடித்து ஆட்டினார்கள். அதுதான் உப்பளத்து வாய்க்கால். ஆறேழு பிள்ளைகள் புத்தகப் பையோடு அதன் ஓரமாக, வரப்பில் நடப்பதுபோல் கைகளை விரித்து நடந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்காமல் குறுக்கு வழியில் போகிறார்கள். மாங்காய்க் கீற்றை உப்புத் தண்ணீரில் முக்கித் தின்கிறார்கள். ஒருத்தி கால் வழுக்கிப் புடவைக்குள் போனாள். முழங்கால், இடுப்பு, பிறகு மார்புவரை. மற்றவர்கள் துப்பட்டாக்களை முடிச்சுப் போட்டு வீசி இழுத்தார்கள். வெளியே வந்ததும் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "அவ அப்பாகிட்ட யாரும் சொல்லக் கூடாது!"

மறுபடியும் ஹெல்மெட் பையன். "கிரவுண்டுல வழுக்கி வுழுந்தியா? எந்த எடம்? மண்ணு கொட்டுங்க! ஒரு டிராக்டர் மண்ணு கொட்டுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பாதிவரை சிரித்தேன். அந்த டிராக்டர் மண் என்னுடையது. பதினோராம் வகுப்பு மழைக்காலத்தில் ஒருநாள் மகள் உடம்பெல்லாம் சேறாக வீட்டுக்கு வந்தாள். மைதானத்தில் விழுந்தேன் என்றாள். நான் கூட்டத்தைக் கூட்டி, சண்டை போட்டு, பள்ளி மைதானத்தில் செம்மண் கொட்ட வைத்தேன். இன்றைக்கும் அங்கே பிள்ளைகள் அதன்மேல்தான் கபடி ஆடுகிறார்கள்.

மேடையின் ஓரத்தில் மகள் நின்றிருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது கற்பனை இல்லை, விழுந்தவள் இவள்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மார்பளவு.

அதற்குள் என் பெயரை மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள். "ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் பள்ளிக்கு வந்ததற்காக" எனக்குப் பரிசு. எப்படி மேடையேறினேன் என்று தெரியவில்லை. வண்ணக் காகிதத்தில் சுற்றி எதையோ கொடுத்தார்கள். பிரித்தேன். ஒரு கிலோ கல்லுப்பு.

கீழே இறங்கியதும் மகளிடம், "எந்த எடம்?" என்றேன்.

"வுடுப்பா, அது போன வருஷம்."

"எந்த எடம்னு காட்டு."

மாலை நான்கு மணி வெயிலில் அந்தக் கும்பலே என்னைக் கூட்டிக்கொண்டு போனது. உப்பெடுக்கும் காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பாத்திகளில் தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது. என்னைப்போல் நடித்த பையன் முன்னால் நடந்தான். அவன் அப்பா அங்கேதான் உப்பு வாருகிறவர்.

"சார், வரப்பு நடுவுல வாங்க. ஓரத்துல மிதிக்காதீங்க, காலைப் புடிச்சுக்கும். ஹெல்மெட்டைக் கழட்டலாம் சார், இங்க லாரி வராது."

அப்போதுதான் அதை மாட்டிக்கொண்டு வந்திருப்பது தெரிந்தது. கழட்ட நின்றேன். ஒரு கால் ஓரத்தில் பட்டது. அடுத்த நொடி தொடைவரை சேற்றில் இருந்தேன். பிடுங்கப் பார்த்தேன், மறுகாலும் போனது. ஒரு கையில் ஹெல்மெட், மறுகையில் கல்லுப்பு. இரண்டையும் விடவில்லை.

நான் கத்தினேன். கத்தியது மகளின் பெயரை.

"ப்பா, ஒதறாத. ஒதறுனா இன்னும் உள்ள போவ. முதல்ல அந்த உப்பைப் போடு. போடுப்பா! பின்னால சாய். நாற்காலில உக்கார்ற மாதிரி சாய்."

சாய்ந்தேன். துப்பட்டா வந்து என் மார்பில் விழுந்தது. கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளச் சொன்னாள். யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது இழுக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள். குரல் ஏறவே இல்லை. அவர்கள் இழுத்தார்கள். நான் வந்துவிட்டேன், என் வலதுகால் செருப்பு வரவில்லை.

"இதே எடம்தான் சார்" என்றான் ஹெல்மெட் பையன் மரியாதையாக. "கரெக்டா கண்டுபுடிச்சிட்டீங்க."

பிள்ளைகள் வரப்பில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். யாரோ ஒரு மாங்காய்க் கீற்றை உப்புத் தண்ணீரில் முக்கி நீட்டினார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு என் வாயில் உப்பு பட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. மாங்காய் புளிப்பு என்று சொல்லிக்கொண்டேன்.

ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போவதற்குள் பேன்ட் காய்ந்து, கீழிருந்து தொடைவரை வெள்ளை பூத்திருந்தது. மனைவி வாசலிலேயே பார்த்துவிட்டாள்.

"ஏங்க, ஒங்களுக்கும் அந்த வேர்வ வந்துடுச்சா?"

"ஒனக்குத் தெரியுமா?"

"தொவைக்கிறவளுக்குத் தெரியாதா? அவ வுழுந்த அன்னைக்கே தெரியும்."

"அப்ப அந்த உப்பில்லாத சாப்பாடு?"

"அது ஒங்களுக்கு மட்டும். எங்களுக்குத் தனியா எடுத்து உப்புப் போட்டுப்போம். டாக்டர் ஒங்களுக்குத்தானே சொன்னாரு?"

இரண்டு பேரும் இரண்டு வருடம் என் எதிரே உட்கார்ந்து, முகம் மாறாமல் சாப்பிட்டிருக்கிறார்கள்.

குளித்துவிட்டு வந்து மகளைக் கூப்பிட்டேன். திட்டத்தான் கூப்பிட்டேன். வாக்கியங்களையெல்லாம் குளிக்கும்போதே தயார் செய்திருந்தேன். உன் வயதில் நாங்கள் என்று தொடங்கும் ஒன்று, செத்திருந்தால் என்று முடியும் ஒன்று. அவள் வந்து நின்றாள். துப்பட்டாவில் என் சேறு அப்படியே இருந்தது.

"சென்னைக்குப் போறியா?" என்றேன்.

"போறேன்ப்பா."

"போ."

அவள் சிறிது நேரம் நின்றாள், இன்னும் ஏதோ வரும் என்று. வந்தது. "அங்க பஸ்ல டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டு" என்றேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இப்போது அவள் சென்னையில் விடுதியில் இருக்கிறாள். ஊசிப் பெட்டியோடு ஈ.சி.ஆரில் போகும்போது அந்த வரப்பு தெரியும் இடத்தில் வண்டி தானாக நிற்கிறது. மார்பளவு என்றால் எவ்வளவு ஆழம் என்று ஒரு மரக்கிளையையோ கம்பத்தையோ பார்த்து அளக்கிறேன். பிறகு போன் செய்கிறேன். முதல் மாதம் ஒரு நாளைக்கு ஏழு முறை. ஒருநாள் எட்டாவது முறை எடுக்காமல் ஒரு படம் அனுப்பினாள். அவளுடைய கறுப்பு பேன்ட்டின் கீழ்ப்பகுதியும் செருப்பும் மட்டும். கீழே ஒரு வரி: "பாத்துக்கோ, வெள்ள இல்ல."

பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லைதான்.