மௌன அறையில் அமாவாசை

மெல்போர்னில் என் அலுவலகத்தில் மௌனத்துக்கென்று ஓர் அறை இருக்கிறது. உள்ளே போக ஆப்பில் அரை மணி நேரம் பதிவு செய்ய வேண்டும். மெத்து மெத்தென்று ஒரு நாற்காலி, ஒரு செடி, கூரையில் ஒரு சென்சார். பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால், ஆள் இல்லை என்று முடிவுகட்டி விளக்கை அணைத்துவிடும். அணைந்தால் கையை ஆட்டவும் என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அடப்பாவிகளா, மௌனத்துக்குக் கட்டிய அறையில் மௌனமாக இருந்தால் ஆளே இல்லை என்பீர்களா! ஆனால் எனக்கு மட்டும் அந்த விளக்கு மூன்று மாதமாக அணைந்ததே இல்லை. அது பெருமைக்குரிய விஷயமல்ல என்று பிறகுதான் புரிந்தது.

திருச்சியில் இருந்தபோது நான் கவிஞன். மனிதன் நிலவைத் தொட்டான், பக்கத்து வீட்டுக் கதவைத் தொடவில்லை என்று எழுதாத கவிஞன் அந்நாளில் மலைக்கோட்டையைச் சுற்றி ஒருவனும் இல்லை, நானும் எழுதினேன். இயந்திரம் மனிதனின் ஆன்மாவைத் தின்றுவிட்டது என்று தெப்பக்குளம் பக்கத்து மாடி அரங்கில் வாசித்துக் கைத்தட்டு வாங்கினேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்த அப்பா பின்வரிசையிலிருந்து கேட்டுவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார்: "மிஷின் மேல என்னடா உனக்கு இவ்வளவு கோவம்? அது பாட்டுக்கு அது வேலையைப் பாக்குது." எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவர் அமாவாசை தவறாமல் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய்த் தன் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்துவிட்டுத்தான் ஷிஃப்டுக்குப் போவார். போன வருடம் சாவதற்கு முன் படுக்கையில் கிடந்தபோது என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "மாசம் ஒருநாள் எள்ளும் தண்ணியும் விடுடா. வேற எதுவும் வேணாம்."

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அக்கா வீடியோ அழைப்பில் ஏற்பாடு செய்தாள். அங்கே காலை எட்டு மணி, இங்கே எனக்கு மதிய இடைவேளை. ஐயர் படித்துறையில் போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, காவிரி தெரிகிற மாதிரி உட்கார்ந்து மந்திரம் சொல்வார். நான் இங்கே மௌன அறையில் தட்டில் எள்ளும் நீரும் விட வேண்டும். இரண்டாம் மாதமே எனக்குச் சந்தேகம். மந்திரத்தின் ஒரே இடத்தில் அதே இருமல். பின்னால் அதே பச்சைப் புடவை அம்மாள். மூன்றாம் மாதமும் அப்படியே. ஒரு தடவை படம் பிடித்து, அதையே ஊர் உலகத்துக்கெல்லாம் ஓட்டுகிறாரோ? எதை நம்புவது இந்தக் காலத்தில்! அடுத்த அமாவாசைக்கு நேரில் போய்ப் பார்த்து வரச் சொல்லி அக்காவை அனுப்பினேன்.

அன்றே போன் செய்தாள்.

"ஐயர் நேர்லதான் பண்றாரு. பச்சைப் புடவை அங்க பூ விக்கிற அம்மா, தினமும் அதே இடத்துலதான் உக்காருது. இருமல் அவருக்கு ரொம்ப நாளா இருக்காம்."

"அப்ப சரிக்கா."

"என்ன சரி? போன்ல உன் போட்டோ கோட்டு டையோட சிரிச்சிக்கிட்டு நிக்கிது, முன்னாடி தர்ப்பை, எள்ளு. படியிறங்கி வந்த ஒரு அம்மா பாத்துட்டு, 'தம்பிங்களா? பாவம், சின்ன வயசு'ன்னு உச்சுக் கொட்டிட்டுப் போறாங்க. அப்பாவுக்குப் பண்றமா, உனக்குப் பண்றமாடா?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஐயர் என்கிட்ட கேக்குறாரு, 'உங்க தம்பி நிஜமாவே அந்தப் பக்கம் இருக்காரா, இல்ல ரெக்கார்டிங்கா?'ன்னு. எள்ளு விட்டியா நீ?"

விடவில்லை. ஒரு மாதம்கூட விடவில்லை. கேமராவை அணைத்துவிட்டு, மடிக்கணினியில் ஆபீஸ் மெயில்களுக்குப் பதில் தட்டியபடி, ஐயர் நிறுத்தும்போதெல்லாம் "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா அனுப்பிய எள் பொட்டலம் மேசை இழுப்பறையில் பிரிக்காமலே கிடந்தது. விரல்கள் ஓயாமல் ஆடியதால் விளக்கும் அணையவில்லை. வெட்கமாக இருந்தது. என்னை எந்த இயந்திரமும் தின்னவில்லை. நானாகத்தான் எழுந்து போயிருக்கிறேன்.

இந்த அமாவாசைக்கு மடிக்கணினியை எடுத்துப் போகவில்லை. தட்டையும் எள்ளையும் வைத்துக்கொண்டிருந்தபோது, முன்பதிவு முடிந்து வெளியேறிய சக ஊழியை பெத் எட்டிப் பார்த்தாள்.

"மதியச் சாப்பாடா?"

"அப்பாவுக்கு."

"ஓ, வந்திருக்கிறாரா? நல்லது, என் வணக்கத்தைச் சொல்!" என்று போய்விட்டாள். திருத்தவில்லை.

கேமராவைத் திறந்தேன். ஐயர் ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொன்னேன். கண் எரிந்தது. ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எள்ளை எடுத்து நீர் விடத் தொடங்கியபோது விளக்கு அணைந்தது.

"சார்? இருட்டா இருக்கே. இருக்கீங்களா?"

"இருக்கேன் சாமி, இருக்கேன்."

வலக்கை அப்பாவுக்கு நீர் விட்டுக்கொண்டிருந்தது. இடக்கையைத் தலைக்கு மேல் தூக்கி, கூரையைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தேன்.