ஏரிக்கரையில் வைத்த சுருட்டு

போன வருடம் பள்ளி விடுமுறை நேரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏரியைச் சுற்றி எழுப்பிய ஒரு புது நகரத்துக்கு, மதுரையிலிருந்து வந்த ஒன்பது பேரை வேனில் கூட்டிப் போயிருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சுற்றுலா ஆபீசுக்கு வேன் ஓட்டுகிறேன், வழிகாட்டியும் நான்தான். அன்று நடந்ததை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

படகுத்துறையில் இறக்கிவிட்டு, ஆபீசில் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தேன். பாலத்தின் அழகு, படகுச் சவாரி, எங்கே நின்றால் படம் நன்றாக வரும், எல்லாம் சொல்லிவிட்டு, "முன்ன இங்க ஒண்ணுமே கிடையாது, வெறும் காடு" என்று முடித்தேன்.

"காடா? யாரு சொன்னா?"

பின்னால் துப்புரவு வேலை செய்யும் ஓர் அக்கா. துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, கரைக் கல்லில் ஓர் எலுமிச்சம்பழமும் பற்றவைத்த சுருட்டும் வைத்துக்கொண்டிருந்தார். தண்ணீரைக் கைகாட்டினார்.

"எங்க தோட்டம் இதுக்குள்ளதான் கெடக்கு. நாங்க குடியிருந்த லயம், முனியாண்டி கோயில், எல்லாம். வெள்ளிக்கிழமை ஆனா அவருக்கு யாரு சுருட்டு வைப்பா?"

வந்தவர்கள் என்னை விட்டுவிட்டு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"அக்கா, கதை விடாதீங்க லா. வேலையப் பாருங்க."

"நான் இங்க பொறந்தவ பாஸ். நீங்க பேப்பரப் பாத்து ஒப்பிக்கிறவரு. கதை யாரு விடுறா?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நேராகக் காவலரிடம் போய், அந்தம்மா நெருப்பு வைக்கிறது, விருந்தாளிகளுக்குத் தொந்தரவு என்று சொன்னேன். அவர் அக்காவின் மேற்பார்வையாளருக்குப் போன் போட்டார். சுருட்டைத் தண்ணீரில் எறிந்தார்கள். அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் அப்பாவிடம் வீராப்பாகச் சொன்னேன். ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உழைத்தவர். "அங்க தோட்டம் இருந்தது ஊருக்கே தெரியும். ஒனக்கு மட்டும் தெரியாதாடா?" என்று காறித் துப்பாத குறை.

இரண்டு வாரம் கழித்து ஏரிக்கரைக்குப் போனேன். அந்த அக்காவைச் செராஸில் ஒரு கடைத்தொகுதிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் தேடிப் போனேன். கழிவறை வாசலில் நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"அத வச்சி நான் என்ன பண்ண? இங்கேருந்து அங்க போக மூணு பஸ் மாறணும். வெள்ளிக்கிழமை எனக்கு லீவும் கெடையாது. டாய்லெட் போகணும்னா உள்ள போங்க, இல்லன்னா வழிய விடுங்க."

இப்போது வருகிற எல்லாரிடமும் அந்தத் தோட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். "டூரிஸ்ட்டுக்கு எதுக்குயா சோகக் கதை?" என்று ஆபீசில் திட்டுகிறார்கள். திட்டட்டும். தோட்டத்து ஆட்களை விரட்டிவிட்டு ஏரி வெட்டியவர்கள் மேல் எனக்குக் கோபம் தீராது. ஆனால் அந்த அக்காவுக்கு மிச்சம் இருந்தது வாரத்துக்கு ஒருமுறை சுருட்டு வைக்கும் பத்து நிமிடம், அதையும் பறித்தவன் தோட்டத் தொழிலாளி மகனான நான்.