அறுபதாம் கல்யாணத்து மொய்

கண்ணாயிரம் இறந்து மூன்றாவது மாதம், அவருடைய தங்கை பவானி சிதம்பரத்திலிருந்து மகளின் கல்யாணப் பத்திரிகையுடன் வந்தாள். கடலூர் முதுநகரில் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை போட்டிருக்கும் தில்லையம்மாள், நாத்தனாரைக் கண்டதும் மாவுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். பவானியின் தட்டில் பூ இருந்தது, பழம் இருந்தது, குங்குமச்சிமிழும் இருந்தது. பத்திரிகையை மட்டும் எடுத்து நீட்டிவிட்டு, தட்டை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"ஸ்ரீமதிக்குக் கல்யாணம் அண்ணி. நல்ல எடம், தள்ளிப் போட வேணாம்னுட்டாங்க. பங்காளிங்களுக்குத்தான் ஒரு வருசம். எங்களுக்கு அதெல்லாம் கெடையாதுல்ல."

"நல்லாருக்கட்டும். எந்த மண்டபம்?"

பவானி நெளிந்தாள். "அண்ணன் புடிச்சு வச்சிருந்ததுதான். அதே தேதி. அட்வான்ஸ மண்டபக்காரன் திருப்பித் தரப்போறதில்ல. வீணாப் போறத நாம எடுத்துக்கலாம்னுதான்…"

தில்லையம்மாள் பத்திரிகையைப் பிரித்துத் தேதியைப் பார்த்தாள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்ட பவானி, எழுந்திருக்கும்போது மெல்ல அடுத்ததையும் சொன்னாள்.

"அப்புறம் மாமன் சீரு. அண்ணன் இல்லேன்னாலும் அண்ணன் வூட்டுச் சீரு நிக்கக்கூடாது பாருங்க. ஊரு என்ன சொல்லும்? நீங்க மேடைக்கெல்லாம் ஏற வேணாம். குடுத்துவுட்டா போதும், நாங்களே வச்சுக்கிறோம்."

அந்த மண்டபத்தைக் கண்ணாயிரம் பிடித்தது தன் அறுபதாம் கல்யாணத்துக்காக.

கடலூர் சிதம்பரம் தடத்தில் தனியார் பஸ் ஓட்டியவர் அவர். முப்பது வருடம் ஒரே முதலாளி. பி.எஃப். கிடையாது, பென்ஷன் கிடையாது. பிள்ளையும் இல்லை. வயதான காலத்துக்கு என்ன செய்வது என்ற பேச்சு வரும்போதெல்லாம் தில்லையம்மாள் தபால் ஆபீஸ் என்பாள், அவர் மொய் என்பார்.

"போஸ்ட் ஆபீஸ்ல போட்டா வட்டி வரும் தில்லை. சொந்தத்துல போட்டா மொதலும் வரும், மரியாதையும் வரும்."

"வராட்டி?"

"மொய்ய முழுங்கிட்டு எவன்டி தெருவுல நடப்பான்? நான் ஆயிரம் வச்சா அவன் ஆயிரத்தஞ்சூறா வெக்கணும். எந்த பேங்க்குடி அப்படிக் குடுக்குது?"

பேச்சுக்குச் சொன்னதில்லை. நிஜமாகவே அதுதான் அவர்களுடைய திட்டம். காது குத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், புதுமனை என்று கீரப்பாளையத்திலிருந்து பண்ருட்டி வரைக்கும் எந்தப் பத்திரிகை வந்தாலும் கண்ணாயிரம் லீவு போட்டுவிட்டுப் போவார். அவர் சம்பளம் அங்கே போகும். அவள் இட்லி விற்ற காசில் வீடு நடக்கும். திரும்ப வாங்குவதற்கு மற்றவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். இவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு விசேஷம், அறுபது முடிந்ததும் மறுபடி தாலி கட்டுவது. அன்றைக்கு வருவதை மொத்தமாகத் தபால் ஆபீஸில் போட்டுவிட்டு மாதாமாதம் வட்டியில் சாப்பிடலாம். "அப்ப ஒன் போஸ்ட் ஆபீசும் ஜெயிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார். அதற்கென்றே அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப் புடவையும் எடுத்துக் கொடுத்திருந்தார்.

எல்லாம் தயார். ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். முதலாளி ஒரு மாலையும் ஒரு மாதச் சம்பளமும் கொடுத்தார்.

கருமாதியன்று பந்தி நடக்கும்போது, கொழுந்தன் ராஜவேலுவிடம் தில்லையம்மாள் கேட்டாள். அவனுடைய மூன்று பிள்ளைகளுக்கும் அண்ணன் செய்தது ஊரறிந்தது.

"தம்பி, அவரு எல்லாருக்கும் செஞ்சாரே, அது இனிமே எப்படி?"

"என்ன அண்ணி இப்ப போயி? நல்ல காரியத்துக்கு வச்சது நல்ல காரியத்துலதான் திரும்பும். சாவு வூட்டுல மொய் வெக்கிறதா? குடும்பத்துக்கு ஆவாது."

"எனக்கு இனிமே என்னய்யா நல்ல காரியம் இருக்குது?"

பந்தியில் யாரோ ரசம் கேட்டார்கள்.

செத்தவரின் பணத்தைக் கொடுக்காமல் இருப்பதற்குச் சாஸ்திரம் எவ்வளவு வசதியாக இருக்கிறது. அவருடைய மண்டபத்தை எடுத்துக்கொள்ள மட்டும் எந்தச் சாஸ்திரமும் குறுக்கே வரவில்லை. அவள் கையால் ஒரு குங்குமம் எடுக்கக் கூடாது, அவள் காலால் மேடை ஏறக் கூடாது. அவள் காசு மட்டும் ஏறலாம்.

முகூர்த்தத்தன்று தில்லையம்மாள் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டாள். புருஷன் ஓட்டிய பஸ்ஸிலேயே சிதம்பரம் போனாள். கண்டக்டர் அய்யனார் புடவையைப் பார்த்தான், பையிலிருந்து எட்டிப் பார்த்த தாம்பாளத்தைப் பார்த்தான். "சீரா அண்ணி?" என்றான். "ஆமா, வாங்கத்தான் போறேன்" என்றாள். அவனுக்குப் புரியவில்லை.

மண்டப வாசலில் மேசை போட்டு இரண்டு பேர் மொய் எழுதிக்கொண்டிருந்தார்கள். தில்லையம்மாள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டாள். எழுதுகிறவர் நிமிர்ந்தார்.

"யாரும்மா? என்ன இது?"

"இதுவும் மொய்தான். கண்ணாயிரத்துக்கு இன்னிக்கு அறுபதாம் கல்யாணம். இதே மண்டபம், இதே தேதி. அங்க எழுதிட்டு வரவங்க இங்கயும் வெக்கட்டும்."

சேதி உள்ளே போவதற்கு நேரம் ஆகவில்லை. பவானியின் புருஷன் சுப்பிரமணியன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"தங்கச்சி, என்னம்மா பண்ற? மாப்ள வூட்டுக்காரங்க பாக்குறாங்க. உள்ள வா, சாப்புடு."

"பாக்கட்டும்ண்ணே. அவரு அட்வான்ஸ் குடுத்த மண்டபம். எங்க ஒக்காரணும்னு நீங்க சொல்லாதீங்க."

"நல்ல நாளும் அதுவுமா…"

"நல்ல காரியத்துலதான் மொய் திரும்பும்னு உங்க மச்சான் ராஜவேலு சொன்னாரு. இத விட நல்ல காரியத்துக்கு நான் எங்க போறது?"

பின்னாலேயே வந்த பவானி அழ ஆரம்பித்தாள். "எம் பொண்ணு கல்யாணத்தைக் கெடுக்கணும்னே வந்தீங்களா அண்ணி?"

"ஒம் பொண்ணு நல்லா இருக்கணும். அவளுக்கு என் வூட்டுக்காரரு மடியில வச்சுத்தான் காது குத்துனாங்க. அன்னிக்குச் செஞ்ச சங்கிலிக்கு நான் எத்தினி வருசம் இட்லி அவிச்சேன்னு ஒனக்குத் தெரியும். அவரு செத்ததும் ஒனக்குத் தேதிதான் ஞாபகம் வந்துச்சு. நான் எத வச்சு சாப்புடுவேன்னு ஒரு வார்த்த கேட்டியாடி?"

பவானி முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாதஸ்வரம் சத்தமாக ஒலித்தது. சுப்பிரமணியன்தான் வாசிக்கச் சொன்னார்.

வந்தவர்கள் தாம்பாளத்தைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், செல்போனைப் பார்த்தார்கள். ஒரு சித்தப்பா முறைக்காரர் காது கேட்காதவர் போல நடந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். கீரப்பாளையத்திலிருந்து வந்த விதவை செல்லாயி முதலில் நின்றாள். கண்ணாயிரம் எப்போதோ அவள் மகன் கல்யாணத்துக்கு வைத்ததை, முந்தானை முடிச்சை அவிழ்த்து எடுத்துத் தாம்பாளத்தில் போட்டாள். "எனக்கும் இதே கதிதான்டி" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் பேர் வைத்தார்கள். எல்லாரும் சின்னத் தொகை வாங்கியவர்கள். பெரிதாக வாங்கியவர்களுக்குச் சமையற்கட்டு வழியாகவும் வெளியே போக முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலில் அந்த வழியைக் கண்டுபிடித்தவன் ராஜவேலு.

தில்லையம்மாள் பந்தியில் நடுவில் உட்கார்ந்து, கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மாமன் சீர் வைக்கவில்லை. கிடைத்ததை மறுநாள் தபால் ஆபீஸில் போட்டாள். அதன் வட்டியில் மாதத்துக்கு ஒரு சிப்பம் அரிசி கூட வராது.

அதனால் இட்லிக் கடை நடக்கிறது. முட்டி வலியோடு இன்னும் எத்தனை வருடம் நடக்கும் என்று தெரியவில்லை. சொந்தக்காரர்களில் பலர் இப்போது அந்தத் தெருவில் எதிர்ச்சாரியில் நடக்கிறார்கள். தில்லையம்மாள் விடுவதில்லை. ஆவி பறக்கும் இட்லித் தட்டை இறக்கி வைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவாள்.

"ராஜவேலு தம்பி! ஏன்யா அந்தப் பக்கமா போற? இட்லி சூடா இருக்குது, வா. உங்கண்ணன் கணக்குல எழுதிக்கலாம்!"