ஆளில்லாத லயம்

அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. அவள் தம்பி, பீடோங்கில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவன். பக்கத்து வீட்டு அக்கா. அப்புறம் என் மகள், மடியில் லேப்டாப்போடு.

மகள் காலேஜில் கம்ப்யூட்டர் கேம் செய்யப் படிக்கிறாள். கடைசி செமஸ்டர். அவள் செய்திருந்த கேமில் சுடுவது, அடிப்பது எதுவும் கிடையாது. ஆட்கள் எல்லாரும் போய்விட்ட ஒரு தோட்டத்து லயம், தொழிலாளர் வீட்டு வரிசை. நாம் நடக்க வேண்டும். வீட்டுக்குள் போய், கிடக்கிற சாமானைத் தொட வேண்டும். தொட்டால் அங்கே இருந்தவர்களின் கதையை ஒரு குரல் சொல்லும். ஆறு வீட்டையும் பார்த்தால் முடிந்தது.

"நம்ம கதைதாம்பா இது" என்றாள். என்னிடம் அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

தோட்டத்தில் பிறந்தவர்கள் நாலு பேர் விளையாட வேண்டும், யாரும் சொல்லிக்கொடுக்காமல் பாதிப் பேராவது முடிக்க வேண்டும் என்று லெக்சரர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் ஃபெயில். இன்னொரு செமஸ்டர். நாங்கள் நாலு பேருமே புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டக்காரர்கள். சுலபம் என்று நினைத்துவிட்டாள்.

முதலில் நான். நடக்க எது, தொட எது என்று காட்டிவிட்டு மகள் வாயை மூடிக்கொண்டாள். முதல் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. வாசலில் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

"என்ன மாமா, ஹேங் ஆயிருச்சா?" என்றான் மச்சான்.

"யாரும் கூப்பிடலையே."

"கேம் லா மாமா அது. உள்ள போங்க."

சொல்லிக்கொடுத்துவிட்டான். நான் செல்லாது.

அடுத்து அக்கா. அவர் வாசல் பக்கமே போகவில்லை. லயத்துப் பழக்கத்தில் நேராக வீட்டுக்குப் பின்னால் போனார். பின்கதவு இல்லை, மகள் வைக்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் பின்னால் போனார். அதிலும் இல்லை.

"என்ன பாப்பா, குசினிக்கு வாசல் வைக்காமலா வீடு கட்டுன?"

மகள் பதில் பேசக்கூடாது. அக்கா கடைசி வீடு வரைக்கும் பின்சுவரைப் பார்த்துவிட்டு மௌஸை வைத்துவிட்டார். "யாரும் இல்ல போல. அப்புறம் வரலாம்" என்றார்.

மச்சான் கொஞ்ச நேரம் மோட்டார் சைக்கிள் தேடினான். இல்லை என்றதும் எல்லா வீட்டுக்குள்ளும் ஓடினான். தட்டு, விளக்கு, தொட்டில் எல்லாவற்றையும் தொட்டான். குரல் வாயைத் திறக்கும் முன்னே அடுத்த வீட்டில் இருந்தான். தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டான்.

"கதை எப்படி மாமா?" என்றாள் மகள்.

"கதையா? இருந்துச்சா?"

இருந்தாலும் அவன் செல்லும். இனி மனைவி முடித்தால் மகள் தப்பிப்பாள். மனைவிக்கும் அது தெரியும். தைரியமாக உள்ளே போனாள். டக் டக் என்று நடக்கிற சத்தம் கேட்டது. உடனே வெளியே வந்துவிட்டாள்.

"செருப்போட போயிட்டேன். எங்க கழட்டுறது?"

கேமில் கழட்டுவதற்குப் பட்டன் இல்லை. என் மனைவி வாசலிலேயே நின்றாள். மகளையும் பார்த்தாள், வீட்டையும் பார்த்தாள். "மனசு வரல பாப்பா" என்று எழுந்துவிட்டாள்.

நான்தான் கேட்டேன். "ஒரு ஆள் வாசல்ல நின்னு வாங்கன்னு சொன்னா போதாதா?"

"எல்லாரும் போயிட்டாங்கப்பா. அதான் கதையே."

"அப்ப நாம எதுக்கு உள்ள போறோம்?"

மகள் லேப்டாப்பை மூடினாள்.

நடந்ததை மறைக்காமல் எழுதி லெக்சரருக்கு அனுப்பினாள். கேமில் குற்றம் இல்லை, ஆட்கள்தான் சரியில்லை, விளையாடத் தெரிந்த வேறு ஆளைப் பார் என்று பதில் வந்தது. அடுத்த வாரம் பினாங்குப் பிள்ளைகள் நாலு பேரை உட்கார வைத்தாள். காரில் போகும்போது மட்டும் தோட்டத்தைப் பார்த்த பிள்ளைகள். நாலு பேரும் தங்குதடையில்லாமல் உள்ளே போய் முடித்தார்களாம். ஒரு பெண் அழுதாளாம். தோட்டத்து மக்களோடு வாழ்ந்த மாதிரியே இருந்தது என்று எழுதிக் கொடுத்தாளாம்.

மார்க் வந்தது. மகள் போனை நீட்டினாள்.

எண்பத்தாறு.