அரை இஞ்ச் ஆர்ம்ஹோல்

துணி மிச்சமாகட்டும் என்று, பனியன் கம்பெனியில் அளவு போட்டுக் கொடுக்கும் நான், கோல்ஃப் டி-ஷர்ட் சாம்பிளின் கை இணையும் வளைவான ஆர்ம்ஹோலை அரை இஞ்ச் குறைத்து டெய்லர் செல்வியக்காவிடம் தைக்கக் கொடுத்தேன்.

பந்து கிளம்பும் வேகத்தை அளக்கும் மெஷினோடு, ஆர்டர் கொடுக்கும் பையர் கம்பெனிக்கே வந்துவிட்டார். வாசலில் வலை கட்டி, முதலில் தன் பழைய சட்டையோடு பந்தை அடித்தார். பிறகு எங்கள் சாம்பிளைப் போட்டுக்கொண்டு மூன்று முறை அடித்தார். மூன்று முறையும் வேகம் குறைந்தது.

"மெஷின் கோளாறுங்க," என்றேன் முதலாளியிடம்.

பையர் மட்டையை ஓங்கியபடியே நின்று, இறுகிப் பிடித்த அக்குளைக் காட்டினார்.

முதலாளி செல்வியக்கா பக்கம் திரும்பினார். "ஏனம்மணி, அளவ மாத்திப்போட்டீங்களா?"

"குடுத்த அளவுலதான் தச்சேன், அண்ணாச்சி." செல்வியக்கா என்னை ஒருமுறை பார்த்தார். என் பெயரைச் சொல்லவில்லை.

நான் முன்னால் வந்தேன். "நாந்தானுங்க குறைச்சேன்."

பந்து கிளம்பிய நொடியிலேயே மெஷின் உண்மையைச் சொல்லிவிட்டது. எனக்குத்தான், அக்காவின் தலையில் பழி விழும்வரை அதைச் சொல்ல வாய் வரவில்லை.