லேடாங் உச்சியில் கிளேபாங் மணல்

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்து நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருந்த சமயம் அது. மலாக்காவில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். அங்கே காஜா பெராங் என்ற பகுதியில் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தேன். சொந்தக்காரர் யாரும் அந்த ஊரில் இல்லை. பள்ளி விட்டு வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலை வகுப்பில்தான் வாயைத் திறப்பேன்.

அப்படி இருந்தவனுக்குக் கிடைத்த ஒரே நண்பர், பக்கத்துத் தெருவில் இருந்த மலாக்கா செட்டி இளைஞர். அரசு அலுவலகக் குமாஸ்தா. கும்பிடுவது நம் சாமியை, நெற்றியில் திருநீறு, வீட்டில் பேசுவதோ மலாய். தமிழில் சில சொற்கள்தான் தெரியும். என்னைவிடச் சற்று மூத்தவர் என்பதால் நான் அவரை ‘அபாங்’, அண்ணன், என்பேன். மலாயில் ஆசிரியரை அழைக்கும் முறையில் அவர் என்னை ‘சிக்கு’ என்பார்.

எங்கள் பள்ளியில் அறிவியல் கற்பித்த வெள்ளைக்காரர் மலையேறுவதில் பித்துக் கொண்டவர். ஆகஸ்ட் விடுமுறையில் கடல் கடந்து சுமத்ராவுக்குப் போய்க் கெரிஞ்சி எரிமலையில் ஏறப் போவதாகவும், விருப்பமுள்ள இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார். பன்னிரண்டாயிரம் அடிக்கு மேல் உயரம். மலாக்கா நகரத்தில் உள்ளவை எல்லாம் மேடுகள். ஆனாலும் நானும் அபாங்கும் பெயர் கொடுத்தோம்.

பல மாதங்கள் பயிற்சி நடந்தது. எரிமலையின் மேல்பகுதி முழுக்கச் சாம்பல், ஓரடி வைத்தால் அரையடி பின்னால் சறுக்கும் என்று அந்த ஆசிரியர் எச்சரித்திருந்தார். அதனால் மாலை நேரங்களில் கிளேபாங் கடற்கரைக்குப் போய், கணுக்கால் புதையும் மணலில் நடந்தோம். பட்டாளத்தார் கழித்துப்போட்ட பூட்ஸுகளைத் தேடி வாங்கி, காலுக்குப் படிந்து வருவதற்காகத் தண்ணீரில் ஊறவைத்து, காலிலேயே காயும்வரை போட்டுக்கொண்டு திரிந்தோம். கிளேபாங் மணலைக் கோணிப்பையில் அள்ளி முதுகில் கட்டிக்கொண்டு புக்கிட் சீனா மேட்டில் ஏறி இறங்கினோம். சுமை தூக்கி அலையும்படி யாரோ எங்களைச் சபித்துவிட்டதாக அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கதை கட்டினார்கள்.

குளிருக்கு என்ன செய்வது? அபாங்தான் ஐஸ் ஃபேக்டரிக்குப் போகலாம் என்றார். ஐஸ் கட்டிகளை அடுக்கி வைக்கும் அறைக்குள் கொஞ்ச நேரம் உட்கார அனுமதி கேட்டோம். அங்கே மேஸ்திரியாக இருந்த தமிழர் எங்கள் கம்பளிச் சட்டைகளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஊரே வேர்த்து ஊத்துது, நீங்க கம்பளியப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறீங்க. ஏன் வாத்தியாரே, தாலி கட்டியாச்சா? ஆகலன்னா இத யார்கிட்டயும் சொல்லாதீங்க, எவனும் பொண்ணு தர மாட்டான்.”

உள்ளே அபாங் ஒரு ஐஸ் கட்டிமேல் சாக்கை விரித்து உட்கார்ந்து மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு அடைத்தது. பயத்தில் கதவைத் தட்டி வெளியே ஓடிவிட்டேன். மறுநாள் வெள்ளைக்கார ஆசிரியர் விசாரித்தபோது, இருவரும் நன்றாகத் தாங்கினோம் என்று அபாங் சொன்னார். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

பயிற்சியின் கடைசிக் கட்டம் மலாக்காவுக்கு அருகே உள்ள குனோங் லேடாங் மலை. மணல் மூட்டையோடு உச்சிவரை ஏற வேண்டும். அடிவாரத்தில் அந்த ஆசிரியர் எங்கள் மூட்டைகளைத் தூக்கிப் பார்த்துச் சமமாக இருக்கின்றன என்று தலையசைத்துவிட்டு முன்னால் போனார். பாதி வழிக்கு மேல் பாறையையும் வேரையும் பிடித்து ஏற வேண்டிய இடத்தில் நான் ஒரு வேரின்மேல் உட்கார்ந்துவிட்டேன். இதற்கு மேல் என்னால் முடியாது, நீங்கள் போங்கள் என்றேன்.

அபாங் கையை நீட்டினார். “கசி சினி, சிக்கு.” இப்படிக் கொடு என்பது அதன் பொருள்.

என் மூட்டையை அவிழ்த்து, மணலில் பெரும்பகுதியைத் தம்முடைய பையில் கொட்டிக்கொண்டார். பார்ப்பதற்கு மூட்டை மாதிரி தெரிவதற்காக என் பையில் காய்ந்த இலைகளைத் திணித்தார். “வெள்ளைக்காரன் என்ன, கடைக்காரனா, மேலே தராசு வைத்து நிறுக்க?” என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

அதன் பிறகு நான் எப்படி ஏறினேன் தெரியுமா? அவரைப் பின்னால் விட்டுவிட்டு, ஆட்டுக்குட்டிபோல. உச்சியில் அந்த ஆசிரியர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அபாங் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். வந்தவர் எங்கள் பக்கம் வராமல் ஒரு பாறைக்குப் பின்னால் போய் இரண்டு பேர் மணலையும் கொட்டிவிட்டு, வெறும் பையோடு வந்து உட்கார்ந்தார். உதடு வெளுத்திருந்தது.

சில நாள் கழித்து, சுமத்ராவில் மலையேற இரண்டு பேருக்குத்தான் அனுமதி கிடைத்திருக்கிறது என்று அந்த ஆசிரியர் எங்களைத் தம் அறைக்கு அழைத்துச் சொன்னார். தாம் போக, இன்னும் ஒருவருக்குத்தான் இடம். லேடாங்கில் முந்தி வந்தவரை அழைத்துப் போவதே நியாயம் என்றார்.

அபாங் என்னைப் பார்த்தார். அது எனக்குத் தெரியும். நான் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். கயிறு ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

“தாக் ஆப்பா லா,” என்றார். பரவாயில்லை என்று அர்த்தம்.

அந்த வாரமே அவர் வீட்டில் பார்ச்சு. மூதாதையருக்குப் படையல் வைப்பதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். பழப் பருவம். வாழையிலைகளில் சோறும் கறியும் டுரியானும் மங்குஸ்தீனும் பரப்பி, சாம்பிராணி போட்டு, வீட்டார் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். உள்ளே இறந்தவர்கள் சாப்பிடும்வரை வெளியே யாரும் சத்தம் போடக் கூடாது. அபாங்கின் தாயார் கண்ணை மூடியபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பையன்கள் இருவரும் மலையிலிருந்து பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று வேண்டுகிறார் என எனக்குப் புரிந்தது. மகன் போகவில்லை என்பது அவருக்கு இன்னும் தெரியாது. அபாங் சொல்லியிருக்கவில்லை.

அபாங் என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார். கதவு திறந்ததும் அந்தத் தாயாரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம், நாளை அந்த ஆசிரியரிடமும் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கதவு திறந்தது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். நானும் சாப்பிட்டேன்.

நான் படகேறிய காலையில் அவர் துறைக்கு வந்து தம் கம்பளிச் சட்டையை என் கையில் கொடுத்தார். “ரெண்டாகப் போட்டுக்கொள். நீதான் ஐஸ் ரூமில் ஓடினவனாச்சே,” என்றார். அந்தக் கிண்டலில் கூடக் கோபம் இல்லை.

கெரிஞ்சியில் நான் உச்சியைத் தொடவில்லை. மரங்கள் முடிந்து சாம்பல் சரிவு தொடங்கிய இடத்தில், என் சுமையை நானே தூக்கிக்கொண்டு ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். கையை நீட்ட அங்கே யாரும் இல்லை. அந்த ஆசிரியர் வழிகாட்டியோடு மேலே போனார். இரண்டு கம்பளிச் சட்டைகளுக்குள் நடுங்கியபடி தனியாகக் காத்திருந்தேன். அவ்வளவு வெறுமையான இடத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்ததும் அபாங் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “மேலே குழிக்குள்ளே நெருப்புத் தெரிந்ததா, சிக்கு?”

தெரிந்தது என்றேன்.

எவ்வளவு பெரிது, என்ன நிறம் என்றெல்லாம் சிறு பிள்ளைபோல் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அடுத்த முறை கட்டாயம் போக வேண்டும் என்றார். அடுத்த முறை வரவில்லை. இந்தோனேசியாவோடு மோதல் தொடங்கி அந்தக் கடல்வழி அடைபட்டது. மோதல் ஓய்ந்தபோது அவருக்குக் குடும்பமும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள்.

அவர் என்னை ஒருநாளும் ஒதுக்கவில்லை. நான்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு தெரு வழியாகப் பள்ளிக்குப் போக ஆரம்பித்தேன். பிறகு மாற்றல் கேட்டு வேறு ஊருக்கே போய்விட்டேன். ஓய்வு பெற்று, மனைவியும் போன பின், ஏனோ காஜா பெராங்குக்கே திரும்பி வந்தேன். அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய மகன் என்னை வாசலில் உட்காரவைத்து, ‘அப்பா உங்களைப் பற்றி நிறையச் சொல்வார், எரிமலைக்குள் நெருப்பைப் பார்த்தவர் என்று’ என்றார். அந்தப் பையையும் அதிலிருந்த காய்ந்த இலைகளையும் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அன்றும் நான் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

அன்று அந்த ஆசிரியரின் அறையில் நிமிர்ந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் எரிமலைக்கு அவர் போயிருப்பார், நான் இங்கேயே இருந்திருப்பேன். ஆனால் மாலையில் கிளேபாங் பக்கம் நடக்கும்போது, பக்கத்தில் இன்னொருவர் காலடியும் பல ஆண்டுகள் எனக்குக் கேட்டிருக்கும்.