அத்தை என்று பதிந்த நம்பர்

வீடு வீடாகப் போய், நோயாளி என் கண் முன்னால் டிபி மாத்திரையை விழுங்குகிறாரா என்று பார்ப்பதுதான் பல வருஷமாக என் வேலை. பாதியில் நிறுத்தினால் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். இப்போது ஒரு போனைக் கையில் கொடுத்து, இனிமேல் வீடியோ காலில் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அலைச்சல் மிச்சம் என்று கூட இருப்பவர்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அலைச்சல் போய் எரிச்சல் வந்ததுதான் மிச்சம். பல் விளக்கும்போது கால், பஸ்ஸில் தொங்கும்போது கால். ஒருமுறை அடையாறு பஸ்ஸில், திரையில் ஒருவர் நாக்கைத் தூக்கிக் காட்ட நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி எழுந்தே போய்விட்டார்.

ஆனால் தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு அந்தப் போன்தான் கதி. திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. ஊரில் பேச்சு கேட்டு அலுத்துப்போய் வேலைக்கு வந்தவள். கணவன் ஊரிலேயே இருந்தான்; லீவு கிடைத்தால் போய் வருவாள். அவளுக்குக் கழுத்தில் டிபி கட்டி, யாருக்கும் ஒட்டாத வகை. அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அந்தச் சொல் காதில் விழுந்த அன்றைக்கே கடை ஹாஸ்டலிலிருந்து அவள் பெட்டி வெளியே வந்துவிடும்.

"இங்க மட்டும் வந்திராதீங்கக்கா. ஒங்க கழுத்துல தொங்குற ஆபீஸ் அட்டையப் பாத்தாலே தெரிஞ்சிரும்" என்று கெஞ்சினாள்.

என் நம்பரை 'அத்தை' என்று பதிந்துகொண்டாள். தினமும் காலையில் மொட்டை மாடியில், காயும் துணிகளுக்கு நடுவே நின்று, "மாமா சௌக்கியமா அத்தை?" என்று கேட்டபடி மாத்திரைகளை வாயில் போடுவாள். இல்லாத மாமாவின் முழங்கால் வலியைப் பற்றி நானும் ஏதாவது சொல்லிவைப்பேன். விழுங்கியதும் கட் செய்துவிட்டு அடுத்த ஆள். இந்த வயதில் நடிப்பு வேறு.

ஒரு நாள் திரையில் வேறு முகம். ஹாஸ்டல் வார்டன்.

"இன்னா அத்தைம்மா நீங்க? பொண்ணு டெய்லி காலைல வாந்தி எடுத்துக்கினு கீது. முழுகாம கீற பொண்ண வந்து பாக்க வாணாமா? போன்ல மூஞ்சியப் பாத்தா போதுமா?"

மீட்டிங்குக்கு மீட்டிங் நான் ஆபீசில் மேலதிகாரிகளிடம் கேட்ட அதே கேள்வி. சுருக்கென்று இருந்தது. வார்டனின் தோளுக்குப் பின்னால் அவள் கைகூப்பி நின்றாள். "நாளைக்கு வரேம்மா" என்றேன்.

அட்டையைக் கழற்றிவைத்து, ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். வார்டன் எனக்குக் காபி கொடுத்தார். நாள் முழுக்க நிற்கிற சேலைப் பிரிவிலிருந்து உட்கார்ந்து செய்கிற பில் வேலைக்கு அவளை மாற்றச் சொல்லி, கடையில் சண்டை போட்டிருக்கிறார். தன் பங்கு முட்டையையும் அவளுக்கே கொடுக்கிறாராம். அந்த நல்ல மனுஷியின் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

மாடிக்குப் போனதும் அவளிடம் எரிந்து விழுந்தேன். "தெனமும் வாந்தி எடுத்திருக்க. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மாத்திர போட்டு கொஞ்ச நேரங் கழிச்சுத்தானக்கா வரும். நீங்க அதுக்குள்ள கட் பண்ணிருவீங்களே."

எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. மாத்திரை ஈரலைத் தாக்கியிருக்கிறதா என்று பார்க்க நாளைக்கே ரத்தப் பரிசோதனை, டாக்டரைப் பார்க்காமல் அடுத்த மாத்திரை வேண்டாம் என்றேன். தலையாட்டினாள்.

"இன்னும் எத்தன மாசம்க்கா மாத்திர?"

"நாலு."

"அதுக்குள்ள வயிறு தெரியணும்லா?" கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "கலஞ்சு போச்சுன்னு சொல்லிரட்டாக்கா?"

அதற்குள் கீழேயிருந்து வார்டன் குரல் கொடுத்தார். "படியப் பாத்து மெதுவா எறங்கும்மா!"

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, மெதுவாகவே இறங்கினாள்.